ஒன்பதாவது வரியில் ஒரு அண்ணன்

எங்கள் லிஃப்ட் கண்ட்ரோலர் மென்பொருளில் ஒரு ஃபைல் உண்டு. அதன் ஒன்பதாவது வரிக்குப் பக்கத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு குறிப்பு இருக்கும்: ‘இதை எடுத்தால் அண்ணன் உள்ளே மாட்டிக்குவார்.’ அவ்வளவுதான். எந்த அண்ணன், எதற்குள்ளே, எப்போது, ஒரு விவரமும் கிடையாது. வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் இரண்டாவது வாரத்திற்குள் அந்த வரியில் வந்து தடுக்கி விழுவார்கள். “யாரு சார் இந்த அண்ணன்?” என்று கேட்பார்கள். “யாரோ பழைய ஸ்டாஃப்” என்று சொல்லிவிட்டு நான் டீக்குக் கிளம்பிவிடுவேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் இந்தப் புளுகைப் பன்னிரண்டு வருஷமாக ஓட்டியிருக்கிறேன். போன மாதம் பொத்தேரியிலிருந்து ஒரு மேடம் வந்து சேர்ந்தார். பிள்ளைகளை வளர்த்து முடித்து, நாற்பத்தைந்து வயதில் மறுபடி வேலைக்கு வந்தவர். தேவையில்லாத வரிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு மென்பொருளை ஓடவிட்டு, ஒரு பட்டியலோடு என் மேஜைக்கு வந்தார். பட்டியலில் முதல் ஆளே அண்ணன்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், பாடம் எடுக்கமாட்டேன். சி மொழியில் எழுதும் ஒவ்வொரு ஃபைலின் தலைமாட்டிலும் சில ‘இன்க்ளூட்’ வரிகள் இருக்கும். எனக்கு அந்த ஃபைலில் உள்ள விவரம் வேண்டும், இந்த ஃபைலில் உள்ள விவரம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிற வரிகள். அப்படிக் கேட்கப்படும் விவர ஃபைலுக்கு ஹெடர் என்று பெயர். நாளாக ஆக இந்த வரிகள் பெருகிவிடும். வீட்டில் பால் வாங்கி வரச் சொல்லி அம்மாவும் சொல்வார், மனைவியும் சொல்வாள், மகளும் மெசேஜ் போடுவாள். தேவை ஒரே ஒரு பாக்கெட்தான். அதுபோல ஒரே ஹெடரை நாலு பேர் நாலு வழியாகக் கேட்டிருப்பார்கள். சிலவற்றை யாருமே உபயோகிக்க மாட்டார்கள். இந்த மிகுதி வரிகளை எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது என்பது கேட்பதற்கு அற்ப விஷயமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் ஆபீஸ் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்தது. கீழே பைப் அறுக்கிற சத்தம், வெளியே பஸ் ஹார்ன், நடுவில் நாங்கள் எட்டுப் பேர். ஜன்னலோர மேஜை டெஸ்டிங் அக்காவுடையது. அக்கா என்றால் வயதில் மூத்தவர் இல்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவர். எல்லோரும் அக்கா என்றார்கள், நானும் அக்கா என்றேன். அவரோ என்னை அண்ணா என்பார். இந்த முறை எப்படி வரும் என்று யாரும் கேட்டதில்லை. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா. தினமும் கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அப்பா கடலில் அடிபட்டு வீட்டோடு இருந்தார், அம்மா மீன் விற்றார். அந்த வீட்டில் மாதம் தவறாமல் வருகிற வருமானம் அக்காவின் சம்பளம் மட்டும்தான். அதுவும் நிரந்தர வேலை இல்லை, வருஷத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துப் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். ஜனவரிக் கடைசியில் கடிதம் முடியும். டிசம்பர் வந்தாலே அக்கா சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிடுவார்.

நாங்கள் எழுதும் மென்பொருளைக் கம்ப்யூட்டர் மெஷின் மொழிக்கு மாற்றி ஒரே ஃபைலாகக் கொடுக்கும், அதற்குக் கம்பைல் என்று பெயர். அவர் அந்த ஃபைலை லிஃப்டை ஓட்டும் சர்க்யூட் போர்டில் ஏற்றிச் சோதிப்பார். சோதித்த போர்டில் வட்டமான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, ஏற்றிய ஃபைலின் அளவு எத்தனை பைட் என்று பால்பாயிண்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லாத போர்டு வெளியே போகக் கூடாது. இன்னொரு வழக்கமும் இருந்தது. புதிய மென்பொருளோடு ஒரு லிஃப்டைப் பொருத்தினால், அதை எழுதினவர்தான் அதில் முதலில் ஏற வேண்டும். அவர் உள்ளே இருக்கும்போது நடுவழியில் மெயினை அணைப்பார்கள். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடி, பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறக்க வேண்டியது லிஃப்டின் கடமை. எழுதினவரே ஏறினால் எழுத்தில் கவனம் இருக்கும் என்பது எம்.டி. சாரின் சித்தாந்தம். அவர் மட்டும் எப்போதும் படியில்தான் ஏறுவார்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் எனக்கு வேலை குறைவு. சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். எங்கள் பழைய கம்ப்யூட்டர் மொத்த மென்பொருளையும் கம்பைல் செய்ய அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஹெடர் குப்பையைக் கூட்டித் தள்ளினால் அது பத்து நிமிஷமாகும் என்று கிளம்பினேன். என் முறை எளிமையானது. ஒரு வரியை எடுப்பேன், கம்பைல் செய்வேன். எரர் வந்தால் திரும்ப வைப்பேன். வராவிட்டால் அந்த வரிக்குக் காரியம் பண்ணிவிடுவேன். நாலு நாளில் ஃபைல்களெல்லாம் மொட்டையடித்துச் சந்தனம் பூசினது மாதிரி பளபளத்தன. எரர் பூஜ்யம், வார்னிங் பூஜ்யம். எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்து வந்து கம்பைல் ஆன ஃபைலை அக்காவிடம் கொடுத்தேன். போர்டில் ஏற்றினார். ஸ்டிக்கரில் எண்ணை எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார். பழைய போர்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அண்ணா, போன தடவைக்கு இந்தத் தடவ சின்னதா கீதே, இன்னா?”

“சுத்தம் பண்ணியிருக்கேன்க்கா. தேவையில்லாத வரியெல்லாம் எடுத்தாச்சு. சுத்தம் பண்ணா குறையத்தானே செய்யும்?”

“மீன சுத்தம் பண்ணா குறையும்ணா. செதிலு, செவுளு, கொடலுன்னு போவுது, குறையுது. நீங்க எடுத்தது ஒண்ணுத்துக்கும் ஆவாத வரின்றீங்க. ஒண்ணுத்துக்கும் ஆவாதத எடுத்தா எப்பிடிண்ணா குறையும்?”

இன்றைக்கு நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. உபயோகமில்லாத இன்க்ளூட் வரி, கம்பைல் ஆன ஃபைலில் இடமே பிடிக்காது. ஒரு பைட் மாறாமல் இருந்தால்தான் எடுத்தது மிகுதி. மாறியிருந்தால் எதையோ வெட்டியிருக்கிறோம். இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. அன்றைக்கு எனக்குக் கேள்வி காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. “அதெல்லாம் கம்பைலர் சமாச்சாரம்க்கா” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டேன். போதாக்குறைக்கு, சோதனை மேஜையில் இருந்த பேட்டரி அந்த வாரம் செத்துப்போயிருந்தது. கரண்ட் போனால் லிஃப்ட் என்ன செய்கிறது என்று அங்கே பார்க்க வழியில்லை. அக்கா கையெழுத்துப் போடவில்லை. செம்பாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டுக்கு போர்டு போயாக வேண்டும்.

எம்.டி. சார் என்னைக் கூப்பிட்டார். “வெறும் ஹெடர் லைன்தானே எடுத்திருக்கீங்க? லாஜிக்கை டச் பண்ணலையே? அப்புறம் அந்தம்மாவுக்கு என்ன பிரச்சினை? ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒரு முட்டுக்கட்டை. இந்த மாசம் கான்ட்ராக்ட் வேற முடியுது. ரெனியூ பண்றதான்னே யோசிக்கிறேன்.”

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். “அவங்களுக்கு சி தெரியாது சார். பட்டன் அமுக்கி லைட் எரியுதான்னு பார்க்கத்தான் தெரியும்” என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் கதவருகே அக்கா, கையில் ஸ்டிக்கர் தாளோடு. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. “பட்டன் அமுக்கிப் பாக்கத்தான் சார் எனக்கு சம்பளம் குடுக்கறீங்க” என்று எம்.டி.யிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் கூசிப்போனேன். கூசிப்போய் என்ன பிரயோஜனம், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லையே. கடைசியில், “சைட்ல பேட்டரி இருக்கு, அங்கேயே டெஸ்ட் பண்ணிக் கையெழுத்து வாங்குங்க” என்று எங்கள் இருவரையும் செம்பாக்கத்துக்கு அனுப்பினார் எம்.டி.

ஏரிக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் கட்டடம். மறுநாள் கிரகப்பிரவேசம், வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடிக்காரர்கள் சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவை இந்த லிஃப்டை நம்பித்தான் அழைத்து வரப் போகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். கண்ட்ரோல் பெட்டி மூன்றாவது மாடியில், லிஃப்ட் கதவை ஒட்டியே இருந்தது. அக்கா மேலே போய் மெயின் சுவிட்சருகே நின்றார். நான் வீறாப்பாகக் கீழே ஏறி மூன்றை அமுக்கினேன். வழியெல்லாம் நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லைட் அணைந்தது, ஃபேன் நின்றது. பத்து எண்ண வேண்டும், அதற்குள் லிஃப்ட் நகர வேண்டும். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். முப்பதில் எண்ணுவதை விட்டுவிட்டுக் கத்தினேன்.

“அக்கா! பேட்டரி ஒயர் லூஸா இருக்கும் பாருங்க!”

“ஒயரு டைட்டா கீதுண்ணா. பேட்டரி லைட்டும் எரிஞ்சுகினுதான் கீது.” தலைக்கு மேலேயிருந்து குரல் தெளிவாகக் கேட்டது.

“சரி, மெயினைப் போடுங்க. வந்து பார்க்கிறேன்.”

“போட மாட்டேன்.”

“என்னது?”

“போட்டா லிஃப்டு ஓடும். நீங்க வெளிய வந்து ஒயரு, பேட்டரின்னு எதனாச்சும் சொல்வீங்க, சாரும் நம்பிக்குவாரு. நாளைக்கு அந்தப் பெரியவரு உள்ள மாட்டிகினு கத்துவாரு. இன்னா எடுத்தீங்கன்னு சொல்லுங்க, போடறேன்.”

கோபம் வந்தது. எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் வாய்க்குள்ளேயே முனகினேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. ஆனால் கோபம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. இருட்டில் செய்ய வேறு வேலை இல்லாததால் யோசிக்க ஆரம்பித்தேன், யோசிக்க யோசிக்கக் கோபம் போய் ஒரு ஆர்வம் வந்துவிட்டது. உண்மையிலேயே, ஏன் நகரவில்லை? பேட்டரி இருக்கிறது. சுத்தம் செய்வதற்கு முந்தின ஃபைல் ஓடும் லிஃப்டுகள் ஊரெல்லாம் நகர்கின்றன. கரண்ட் போனால் என்ன செய்வது என்று சொல்லும் ஃபைலில் நான் எடுத்த வரிகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னேன். மூன்றாவதாகச் சொன்னது போர்டு ஹெடர்.

“அதுல இன்னா கீது?”

“அந்த போர்டுல என்னென்ன உண்டுன்னு இருக்கும்க்கா. எத்தனை மாடி, எத்தனை பட்டன், பேட்டரி உண்டா…”

அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஃபைலில் ஒரு நிபந்தனை இருந்தது. ‘பேட்டரி உண்டு’ என்ற குறிப்பு இருந்தால் மட்டும் கீழே உள்ள வேலைகளைச் சேர்த்துக்கொள் என்று. குறிப்பு இருந்த ஹெடரை நான் எடுத்துவிட்டேன். தெரியாத ஒரு பெயரை நிபந்தனையில் கண்டால் சி மொழி சண்டைக்கு வராது. இல்லை போலிருக்கிறது என்று அந்தப் பகுதியையே தாண்டிப் போய்விடும். எரர் கிடையாது, வார்னிங் கிடையாது. உயிரைக் காப்பாற்றுகிற பகுதி முழுவதும் சத்தமே இல்லாமல் காணாமல்போய், ஃபைல் மட்டும் கொஞ்சம் சின்னதாகியிருந்தது. அதைத்தான் அக்கா ஸ்டிக்கர் எழுதும்போது பார்த்தார்.

“நான்தான்க்கா எடுத்துட்டேன்” என்றேன். மெயின் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. லைட் எரிந்தது.

கதவு திறந்து நான் வெளியே வந்த அதே நேரம் என் போன் அடித்தது, எம்.டி. சார். “என்ன ஆச்சு? ஓகேதானே?” மனுஷனின் வாய் இருக்கிறதே, அது மூளையைக் கேட்காமலே வேலை செய்யும். “சின்ன ஒயரிங் பிராப்ளம் சார்” என்றேன். “ஒயரிங் செக் பண்றது அந்தம்மா வேலைதானே? சரி விடுங்க, கான்ட்ராக்ட் விஷயம் நான் முடிவு பண்ணிட்டேன்” என்றார். அக்காவுக்கு அது கேட்டிருக்கும். என் போன் அப்படிப்பட்ட போன். அவர் கண்ட்ரோல் பெட்டியின் கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒயரிங் இல்லை சார்” என்றேன். “நான்தான். நான் எடுத்த ஹெடராலதான் நின்னுச்சு. ஃபைல் ஏன் சின்னதாச்சுன்னு அக்கா அன்னிக்கே கேட்டாங்க. நான்தான் காதுல வாங்கலை.”

அடுத்த பத்து நிமிஷம் நான் வாங்கியதை இங்கே எழுத முடியாது. அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய டீம் லீட் பதவி வரவில்லை, இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. ஆனால் அக்காவின் கடிதம் ஜனவரி முடிவதற்குள் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே வரியைத் திரும்ப வைத்துப் புது ஃபைலோடு அதே லிஃப்டில் மறுபடி ஏறினேன். மெயின் அணைந்து எட்டு எண்ணுவதற்குள் நகர்ந்தது. பைட் எண் பழைய போர்டில் இருந்த எண்ணுக்கே வந்திருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டார். மறுநாள் அந்த ஃபைலைத் திறந்தால், நான் திரும்ப வைத்த ஒன்பதாவது வரிக்குப் பக்கத்தில் அந்தக் குறிப்பு. சி தெரியாது என்று நான் சொன்ன அக்கா, சி ஃபைலில் எழுதிய முதல் வரி. நன்றி, மன்னிப்பு என்றெல்லாம் எங்களுக்குள் எதுவும் நடக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நெத்திலி வறுவலை என் பக்கம் தள்ளினார், அதோடு சரி.

பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து, எடுத்த வரிகளையெல்லாம் திரும்ப வைத்து, ஒவ்வொன்றாக மறுபடி எடுத்தோம். எடுப்பதற்கு முன் ஒரு ஃபைல், எடுத்த பின் ஒரு ஃபைல். இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பார்ப்பார் அக்கா. வித்தியாசம் வந்தால் காரணம் தெரியும்வரை தொடக் கூடாது. வித்தியாசமே வராத சில வரிகளையும் எடுக்க விடமாட்டார். ஒரு ஃபைல் ஒரு ஹெடரை உண்மையாகவே உபயோகிக்கும். ஆனால் அதே ஹெடர் இன்னொன்றின் வழியாகவும் வந்துசேரும். அப்போது நேராகக் கேட்கிற வரி மிகுதிதானே என்பேன் நான். “இன்னிக்கு பக்கத்து வூட்டு வழியா வருது. அவங்க நாளைக்கு வூட்ட காலி பண்ணிகினு போனா இன்னா பண்ணுவீங்க?” என்பார். எடுத்த வரியைத் திரும்ப வைப்பேன். உபயோகிப்பவர் நேராகக் கேட்கட்டும், உபயோகிக்காதவர் கேட்க வேண்டாம். பெரிய பெரிய புத்தகங்களில் இதே விதியைப் பிற்பாடு படித்தபோது நெத்திலி வாசனைதான் வந்தது.

ஒருநாள் நிச்சயமாகத் தேவையில்லாத ஒரு வரியை எடுத்தோம். ஒரே ஒரு பைட் மாறியது. பேஜாராகிவிட்டது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், ஏதாவது தவறு நடந்தால் எந்த வரியில் நடந்தது என்று சொல்வதற்காக, ஃபைல் தன் வரி எண்ணையே உள்ளே எழுதி வைத்திருக்கிறது. மேலே ஒரு வரியை எடுத்தால் கீழே எல்லாம் ஒரு படி ஏறிவிடுகின்றன, எண் மாறுகிறது. “அப்போ எடுத்த எடத்துல ஒரு காலி வரி வுட்டுடுங்க” என்றார் அக்கா. விட்டோம், பைட் சரியாக வந்தது. அவர் கைதட்டிச் சிரித்தார். அதன்பின் எங்கள் ஃபைல்களில் காலி வரிகள் இருந்தால் அங்கே ஏதோ இருந்து எடுக்கப்பட்டது என்று அர்த்தம். நாலு வருஷம் கழித்து அக்கா சிறுசேரியில் பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போனார். இப்போது அவருக்குக் கீழே பதினைந்து பேர் சோதிக்கிறார்கள்.

பொத்தேரி மேடத்தின் பட்டியலுக்கு வருகிறேன். அவர் சொன்னது சரிதான். இப்போது நாங்கள் செய்யும் எல்லா போர்டிலும் பேட்டரி உண்டு. உண்டா இல்லையா என்ற நிபந்தனையையே போன வருஷம் நீக்கிவிட்டோம். ஒன்பதாவது வரி இப்போது நிஜமாகவே மிகுதி. அக்காவின் விதிப்படி முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு பைட் மாறவில்லை. எடுக்க வேண்டியதுதான். கை வரவில்லை. இரண்டு நாள் வேறு வேலை இருப்பதாக நடித்தேன். “அந்த அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டார்னா எடுத்துடலாமே சார்” என்று மேடம் ஒரு மாதிரி சிரித்தார். மூன்றாவது நாள் அக்காவுக்கு போன் செய்தேன்.

“ரெண்டு ஃபைலும் ஒண்ணா கீதா?”

“ஒண்ணாத்தான் இருக்குக்கா.”

“அப்பொறம் இன்னாத்துக்குண்ணா போன் பண்றீங்க?”

“நீங்க எழுதினதும் கூடப் போயிடுமே.”

அவர் பக்கம் ஏதோ பஸ் போனது. “நீங்க மறந்துடக் கூடாதுன்னுதான் எழுதினேன். மறந்துட்டீங்களா?”

“இல்லைக்கா.”

“அப்போ எடுங்க. காலி வரி வுடுங்க. ஏறப் போறது நீங்கதான், ஞாபகம் வெச்சுக்கோங்க.”

எடுத்தேன். ஒன்பதாவது வரி இப்போது காலி. போன வியாழக்கிழமை சேலையூரில் புது லிஃப்ட் ஒன்றில் அந்த ஃபைலை ஏற்றிக் கையெழுத்துக்கு முன் நானே ஏறினேன். மேடம் மேல் மாடியில் மெயின் சுவிட்சருகே நின்றார். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லைட் அணைந்தது, ஃபேன் நின்றது. இத்தனை வருஷம் கழித்தும் முதுகில் சட்டை ஒட்டியது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழில் ஒரு சின்னக் குலுக்கல். லிஃப்ட் மெதுவாக மேலே போய் நின்று கதவைத் திறந்தது. மேடம் ஒரு கையைச் சுவிட்சிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“ஓகே சார். இப்பவாவது சொல்லுங்க, யாரு சார் அந்த அண்ணன்?”

“நான்தான்” என்றேன்.